சாக்ஸ் பின்னும்போது எங்கே தப்பு? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரையில் எங்கள் ஊர். இந்த வெக்கையில் யாருக்கு சாக்ஸ் பின்னுகிறாய் என்று கேட்காதவர்கள் இல்லை. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு அது வேண்டியிருக்கிறது. மார்கழி, தையில் சிமெண்டுத் தரையில் அத்தையால் காலை ஊன்ற முடியாது. அவருக்குச் சர்க்கரையும் உண்டு, அதனால் கடை சாக்ஸின் எலாஸ்டிக் ஆகாது. வீட்டுக்காரருக்கு வரப்பிலும் சேற்றிலும் நடந்து நடந்து குதிகாலில் பித்தவெடிப்பு. ராத்திரி விளக்கெண்ணெய் தடவிப் பருத்தி சாக்ஸ் மாட்டிக்கொண்டு படுத்தால் பாயும் கெடாது, காலும் ஆறும். மூன்றாவது ஆள் கனடாவில் இருக்கும் மகன்.

எட்டு வருஷமாகப் பின்னுகிறேன். இதில் நான் கண்டது ஒன்று உண்டு. கை தெரியாமல் வரும் தப்பு கொஞ்சம்தான், பாதியில் எழுந்து போவதால் வருவதுதான் அதிகம். பால் பொங்கும், வாசலில் கீரைக்காரம்மா கூப்பிடுவார், கொல்லையிலிருந்து "த்ரீ பேஸ் வந்துடுச்சு, மோட்டாரைப் போடு" என்று போன் வரும். திரும்பி வந்து உட்காரும்போது கை ஒரு இடத்தில் இருக்கும், கணக்கு வேறு இடத்தில் இருக்கும். அதனால் தப்பு கண்ணில் பட்டதும் முதலில் யோசிக்க வேண்டியது, கடைசியாக எப்போது எழுந்தோம் என்பதை. பெரும்பாலும் தப்பு அங்கேதான் இருக்கும்.

இங்கே சொல்லும் கணக்கெல்லாம் மெல்லிய சாக்ஸ் நூல், 2.25 அல்லது 2.5 மி.மீ. ஊசி, மொத்தம் 64 கண்ணி (ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி) என்று வைத்துக்கொண்டு சொல்வது. நான்கு ஊசியில் ஊசிக்கு 16 கண்ணி, ஐந்தாவது ஊசி பின்னுவதற்கு. மேலிருந்து தொடங்கி விரலில் முடிக்கும் சாக்ஸ்.

எதையும் பிரிப்பதற்கு முன்னால் ஒரு பழைய பனியனை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருப்பூர் மிஷின் பின்னினாலும் நம் கை பின்னினாலும் கண்ணி ஒன்றுதான். வெளிப்பக்கம் சின்னச் சின்ன ஜடை மாதிரி மேலிருந்து கீழாக ஓடும், அது நிட். உட்பக்கம் படிப்படியாக மேடு தட்டியிருக்கும், அது பர்ல். ஒரே கண்ணியின் முன்பக்கமும் பின்பக்கமும்தான் இவை. இது கண்ணில் பதிந்துவிட்டால் சாக்ஸில் எந்த இடம் சரியில்லை என்பது தானாகத் தெரியும். தெரிந்த பிறகு அந்த ஒரு இடத்தை மட்டும் தொட்டால் போதும்.

முதல் சுற்று முடிந்ததும் வளையம் முறுக்கிக்கொண்டிருக்கிறது

கண்ணி ஏற்றி வட்டமாகச் சேர்க்கும்போது ஏதோ ஒரு ஊசியில் அடிவிளிம்பு மேலே திரும்பிவிட்டிருக்கிறது. ஒரு சுற்றுதான் பின்னியிருக்கிறீர்கள் என்றால் தப்பிக்கலாம். இரண்டு ஊசிக்கு நடுவே அந்த முறுக்கைத் திருப்பி விட்டுவிடுங்கள். அடிவிளிம்பில் ஒரு நூல் குறுக்கே போனது மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நான்கைந்து சுற்று போன பிறகு பார்த்தால் வழியில்லை, பிரித்துவிட்டு மறுபடி ஏற்றத்தான் வேண்டும். கண்ணி ஏற்றியவுடனே வட்டமாகச் சேர்க்காமல், ஒரு வரிசையைத் திருப்பிப் பின்னிவிட்டு அப்புறம் சேர்த்தால் விளிம்பு எந்தப் பக்கம் என்று தெளிவாகத் தெரியும். முறுக்கு விழாது. அந்த ஒரு வரிசை இடைவெளியைத் தொங்கும் நூல் நுனியால் கடைசியில் தைத்துவிடலாம்.

64 இருக்க வேண்டிய இடத்தில் 63 அல்லது 65

65 வந்தால் கூடுதல் கண்ணிக்குக் கீழே பாருங்கள். ஓட்டை இருந்தால், ரிப் (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும், இழுத்தால் விரியும் பின்னல்) பின்னும்போது பர்லிலிருந்து நிட்டுக்கு மாறுகையில் நூல் ஊசிக்கு மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். அடுத்த சுற்றில் அந்த இடம் வரும்போது அதை ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். ஒரு சுற்றுக்கு மேல் அது கீழே இறங்காது. ஓட்டை இல்லாமல் இரண்டு மெல்லிய கண்ணி பக்கத்துப் பக்கத்தில் நின்றால், நூலின் புரியைப் பிளந்து குத்தியிருக்கிறீர்கள். அந்தப் பிளவு தொடங்கிய இடம்வரை அந்த ஒரு கண்ணியை மட்டும் இறக்கி, முழுப் புரியாக மறுபடி ஏற்றுங்கள்.

63 வந்தால் ஒன்று இறங்கிவிட்டது. இது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும், ஆனால் இதைப் போல் சுலபமாகச் சரியாகும் தப்பு வேறு கிடையாது.

ஒரு கண்ணி இறங்கி ஏணி மாதிரி தெரிகிறது

கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு, இறங்கிய கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்துங்கள். இழுக்காதீர்கள், யாரையும் தொட விடாதீர்கள்.

போன கார்த்திகையில் அத்தையின் இடது கால் சாக்ஸில் இப்படி ஒன்று இறங்கியது. விளக்கு வைக்கும் நேரம், திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பேத்தி ஓடி வந்து ஊசியில் இடித்தாள். கண்ணி ஒன்று கழன்று பதினோரு படி இறங்கிவிட்டது. "ஐயையோ, எல்லாம் போச்சா?" என்று அத்தை கேட்டார். போகவில்லை. குரோஷா ஊசியை எடுத்தேன். துணியின் வெளிப்பக்கம் என்னைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு, அடியில் நிற்கும் அந்த வளையத்துக்குள் முன்னாலிருந்து பின்னால் கொக்கியை நுழைத்தேன். அதற்கு மேலே முதல் படியாகக் குறுக்கே போகும் நூலைக் கொக்கியில் மாட்டி வளையத்துக்குள் இழுத்தேன். இப்போது அந்த நூலே புது வளையம். அதற்குள்ளிருந்து அடுத்த படி. ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டே பேத்தி பக்கத்தில் நின்றாள். பதினொன்றாவது படி ஏறியதும் வளையத்தை ஊசியில் போட்டேன். அத்தை விரலால் தடவிப் பார்த்து, "எதும்மா அது, தெரியலையே" என்றார்.

கவனிக்க வேண்டியது இரண்டு. கீழே உள்ள படியைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ஒன்றைத் தாண்டிவிட்டால் உள்பக்கம் ஒரு நூல் தொங்கும். இறங்கியது ரிப்பில் பர்ல் வரிசை என்றால், சாக்ஸைத் திருப்பி உட்பக்கத்திலிருந்து இதே மாதிரி ஏற்றுங்கள், அங்கிருந்து பார்த்தால் அது நிட்தான்.

வெளிப்பக்கம் மேடு தட்டிய கோடு, கோடு தொடங்கும் இடத்தில் ஓட்டை

இதுதான் எழுந்து போய் வந்த தப்பு. திரும்பி வந்தபோது ஊசியைத் தலைகீழாக எடுத்து, வந்த வழியே திரும்பிப் பின்னியிருக்கிறீர்கள். திரும்பிய இடத்தில் ஓட்டை, அங்கிருந்து பின்னியதெல்லாம் வெளிப்பக்கத்தில் பர்ல். கோடு தொடங்கும் இடம்வரை பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மறுபடி வராமல் இருக்க ஒரு சோதனை போதும். சாக்ஸைக் கையில் எடுத்ததும், நூலுண்டைக்குப் போகும் நூல் எந்தக் கண்ணியிலிருந்து தொங்குகிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்போது அந்தக் கண்ணி வலது கை ஊசியில் இருக்க வேண்டும். இன்னொரு பழக்கம், ஊசியின் நடுவில் எழக் கூடாது. பதினாறு கண்ணி பின்னிமுடிக்க ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் ஆகும். பால் அடுப்பில் இருந்தால் சாக்ஸை எடுக்கவே எடுக்காதீர்கள். மோட்டாரும் கீரைக்காரம்மாவும் ஒரு ஊசி முடியும்வரை பொறுப்பார்கள்.

சில பேருக்குப் பின்னுவது உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி புரண்டு கிடக்கும். அது தப்பே இல்லை. குழாயைத் திருப்பி விட்டால் சரி.

ஊசி மாறும் இடத்தில் மேலிருந்து கீழே ஒரு சந்து ஓடுகிறது

இங்கே கண்ணி எதுவும் இறங்கவில்லை. இரண்டு ஊசி சந்திக்கும் இடத்தில் நூல் தளர்ந்திருக்கிறது. எல்லாரும் புது ஊசியின் முதல் கண்ணியை இறுக்கி இழுப்பார்கள், அது போதாது. முதல் கண்ணியைச் சாதாரணமாகப் பின்னிவிட்டு, இரண்டாவது கண்ணிக்கு ஊசியைக் குத்திய பிறகு நூலை ஒரு இழுப்பு இழுங்கள். அப்போதுதான் முதல் கண்ணி இறுகும். அதோடு சில சுற்றுக்கு ஒருமுறை இரண்டு கண்ணியைப் பக்கத்து ஊசிக்குத் தள்ளி வைத்தால், சந்து ஒரே கோட்டில் விழாது. ஏற்கனவே விழுந்த சந்து மெல்லியதாக இருந்தால் கவலை வேண்டாம், ஒரு துவைப்பில் பாதி மறையும்.

பாதத்தில் குறுக்கே ஒரு கோடு: கீழே ஒரு மாதிரி, மேலே ஒரு மாதிரி

ஜூன் 12 மேட்டூர் திறந்தால் எங்கள் வீட்டில் பின்னல் ஓரமாகப் போய்விடும். குறுவைக்கு நாற்றங்கால், நடவு, ஆட்களுக்குச் சாப்பாடு என்று ஒன்றரை மாதம் ஓடும். சாக்ஸ் அந்த நாளெல்லாம் ஊசியிலேயே கிடந்தால், ஊசியில் இருந்த சுற்று நீண்டு தளர்ந்துவிடும். மறுபடி எடுத்துப் பின்னும்போது நம் கையும் வேறு இறுக்கத்தில் இருக்கும். அதுதான் அந்தக் கோடு.

எடுத்தவுடன் முதலில் ஊசியில் கிடந்த சுற்றையும் அதற்கு முந்தின சுற்றையும் பிரித்துவிட்டுத் தொடங்குங்கள். நாள் கணக்கில் வைக்கப் போகிறோம் என்று முன்னாலேயே தெரிந்தால், கண்ணிகளை ஊசியிலிருந்து வேறு நிறப் பருத்தி நூலுக்கு மாற்றி இரண்டு முனையையும் முடிந்து வையுங்கள். ஊசியும் துருப்பிடிக்காது. ஐப்பசி அடைமழையில் எஃகு ஊசி ஒரு வாரத்தில் துரு கட்டியதை நான் பார்த்திருக்கிறேன், வெள்ளை நூலில் பழுப்புக் கறையோடு. மூங்கில் ஊசி நம் ஊருக்கு நல்லது. வேர்க்கிற கையில் உலோகம் வழுக்கும், மூங்கில் வழுக்காது. பூச்சு இல்லாத அலுமினிய ஊசி வெளிர் நிற நூலில் சாம்பல் கறை விடும்.

குதிகால் திருப்பும்போது எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை

பாதிக் கண்ணியில், அதாவது 32 கண்ணியில், 32 வரிசை குதிகால் பட்டையைப் பின்னி முடித்துவிட்டீர்கள். இப்போது திருப்பம். 18 நிட், இரண்டைச் சாய்த்துச் சேர்த்து ஒன்று, இன்னும் ஒரு நிட், திருப்பு. முதல் கண்ணியை நழுவவிட்டு 5 பர்ல், இரண்டைச் சேர்த்து ஒன்று, ஒரு பர்ல், திருப்பு. இதற்குப் பிறகு எண்ணவே வேண்டாம், துணியே சொல்லும். ஒவ்வொரு முறை திரும்பிய இடத்திலும் ஒரு சின்ன இடைவெளி நிற்கும். அந்த இடைவெளிக்கு ஒரு கண்ணி முன்வரை பின்னி, இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பின்னுங்கள். பிறகு ஒரு கண்ணி, திருப்பு. பாதியில் எழுந்து போனாலும் இடைவெளியைத் தேடினால் இடம் கிடைத்துவிடும். இரு பக்கமும் கண்ணி தீர்ந்ததும் 18 மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் எங்கோ இடைவெளியைத் தாண்டாமல் சேர்த்திருக்கிறீர்கள்.

குதிகால் தொடங்கும் முன் ஒரு தையல் ஊசியில் மெல்லிய நூல் கோத்து, 64 கண்ணிக்குள்ளும் ஓட்டி வையுங்கள். இதை நான் காப்பு நூல் என்பேன். குதிகால் கெட்டால் தைரியமாகப் பிரிக்கலாம், பிரிவு அந்த நூலில் வந்து நின்றுவிடும்.

குதிகாலும் பாதமும் சேரும் மூலையில் ஓட்டை

இதைப் பார்த்து மனம் உடைந்து போய் பின்னலையே விட்டவர்களை எனக்குத் தெரியும். எல்லாருக்கும் வரும் ஓட்டைதான் இது. பட்டையின் இரு ஓரத்திலும் பதினாறு பதினாறு கண்ணி எடுக்கிறோம். பாத மேற்புறக் கண்ணிக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு மூலை இருக்கிறது, அங்கே எதுவும் பிடிப்பதில்லை. அந்த மூலையில் குறுக்கே கிடக்கும் நூலைத் தூக்கி பதினேழாவது கண்ணியாக எடுங்கள். அடுத்த சுற்றில் அதைப் பக்கத்துக் கண்ணியோடு முறுக்கிச் சேர்த்துவிடுங்கள். எடுத்த கண்ணி எல்லாவற்றையும் முதல் சுற்றில் பின்கால் (வளையத்தில் ஊசிக்குப் பின்னால் இருக்கும் பாதி) வழியாகக் குத்திப் பின்னினால் அவை முறுகி இறுகும், ஓரமும் அழகாக நிற்கும்.

கணக்கு பிசகுகிறவர்களுக்கு: குதிகால் 18, இரு ஓரம் 32, மேற்புறம் 32, ஆக 82. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் பக்கத்துக்கு ஒன்று குறைத்தால் ஒன்பது முறையில் 64 ஆகிவிடும்.

பின்னி முடித்த சாக்ஸில் ஓட்டை தெரிந்தால் பிரிக்க வேண்டாம். உட்பக்கத்திலிருந்து அதே நூலால் சுற்றியுள்ள நான்கு கண்ணியைக் கோத்து மெதுவாக இழுத்தால் மூடிக்கொள்ளும்.

கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை, அல்லது காலில் தடம் பதிகிறது

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முதன்முதலில் அத்தைக்குப் பின்னிய சாக்ஸைக் காலையில் கழற்றியபோது, கெண்டைக்காலைச் சுற்றி ரிப் அப்படியே பதிந்து கிடந்தது. சிவந்து, விரலால் தடவினால் பள்ளம் தெரிந்தது. அவருக்கு அது உறைக்கவே இல்லை, சர்க்கரையில் காலின் உணர்ச்சி குறைந்திருந்தது. அன்றே பிரித்துவிட்டேன்.

காரணம் கண்ணி ஏற்றிய இறுக்கம். இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து ஏற்றிவிட்டு ஒன்றை உருவுங்கள், அல்லது ஒரு அளவு பெரிய ஊசியில் ஏற்றுங்கள். ஏற்றிய விளிம்பு குதிகாலைத் தாண்டும் அளவுக்கு விரிகிறதா என்று பத்து சுற்றுக்குள்ளேயே காலில் போட்டுப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ரிப்பை நீளமாக, தளர்வாக விடுங்கள். உட்பக்கம் முடிச்சு, தடித்த தையல், தொங்கும் நூல் எதுவும் கூடாது. உணர்ச்சி இல்லாத காலில் ஒரு சுருக்கம்கூடப் புண்ணாகும், தினமும் கழற்றி உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பின்னினாலும் இதே கவனம் வேண்டும். உள்ளே நீளமாகத் தொங்கும் நூல் பிஞ்சு விரலைச் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும்.

சாக்ஸ் தொளதொளவென்று இறங்குகிறது

பாதத்தின் அகலமான இடத்தைச் சுற்றி இஞ்ச் டேப்பால் அளந்து, அதில் பத்து சதவீதம் குறைத்துப் பின்ன வேண்டும். 22 செ.மீ. சுற்றளவு என்றால் 20 செ.மீ. சாக்ஸ். 10 செ.மீ.க்கு 32 கண்ணி விழுகிற கைக்கு அது 64 கண்ணி. உங்கள் கைக்கு 28தான் விழுகிறது என்றால் 56 போதும். இதைப் பார்க்காமல் 64 ஏற்றுவதால்தான் தொளதொளப்பு.

பருத்தி வேறு கதை. ஊலுக்கு, அதாவது கம்பளி நூலுக்கு, உள்ள இழுவை பருத்திக்குக் கிடையாது, நீண்டது நீண்டபடி நிற்கும். வீட்டுக்காரருக்குப் பின்னும்போது கால் முழுக்க ரிப்பாகவே விட்டு, ஊசியையும் ஒரு அளவு சின்னதாக எடுக்கிறேன்.

ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை

டேப்பால் அளந்து பின்னினால் இப்படித்தான் வரும், பின்னல் இழுபடும். சுற்றை எண்ணுங்கள். முதல் சாக்ஸில் ரிப் எத்தனை சுற்று, கால் எத்தனை, பாதம் எத்தனை என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்து, அதையே இரண்டாவதற்குப் பின்னுங்கள். நூல் தீர்ந்துபோகும் பயம் உள்ளவர்கள், தொடங்கும் முன்பே 100 கிராம் உண்டையை எடைபோட்டு ஐம்பது ஐம்பதாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

விரல் முனையில் தடித்த வரி

முனையில் மிஞ்சும் 16 கண்ணியை எட்டு எட்டாக இரண்டு ஊசியில் வைத்து, தையல் ஊசியால் இணைக்கிறோம். முன் ஊசியில் நிட் போலக் குத்திக் கழற்று, அடுத்ததில் பர்ல் போலக் குத்தி ஊசியிலேயே விடு. பின் ஊசியில் பர்ல் போலக் குத்திக் கழற்று, அடுத்ததில் நிட் போலக் குத்தி ஊசியிலேயே விடு. இதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், யாரையும் பேச விடாதீர்கள். தைக்கும்போது நூலைத் தளர்வாக விட்டு, முடிந்த பிறகு ஊசி நுனியால் ஒவ்வொன்றாக இறுக்கினால் வரி வராது. இது வராதவர்கள் எட்டுக் கண்ணி ஆகும்வரை குறைத்துக்கொண்டே போய், சுருக்குப் பை மாதிரி நூலை இழுத்து முடிக்கலாம். அத்தைக்கு மட்டும் அப்படிச் செய்ய மாட்டேன், அந்தச் சுருக்கு விரலில் உறுத்தும்.

துவைத்ததும் சுருங்கியது, இஸ்திரி போட்டதும் தொங்கியது

இரண்டுக்கும் மருந்து இல்லை. மகன் ஊல் சாக்ஸைச் சுடுதண்ணீரில் மிஷினில் போட்டான், அது கம்பளிப் போர்வை மாதிரி கட்டிப்போய் பேத்தி காலுக்குத்தான் ஆனது. அக்ரிலிக்கில் இஸ்திரிப் பெட்டி பட்டால் அதன் உயிர் போய்விடும், திரும்ப நிமிராது. பச்சைத் தண்ணீர், கை அலசல், நிழலில் உலர்த்தல்.

குதிகாலில் தேய்ந்து ஓட்டை

ஓட்டை விழுந்த பிறகு தைப்பதைவிட, துணி மெலிந்து வெளிச்சம் தெரியும்போதே தைத்துவிடுங்கள். வழவழப்பாகத் தேய்த்த கொட்டாங்குச்சியைச் சாக்ஸுக்குள் விட்டு, அதன் முதுகில் மெலிந்த இடம் விரிந்து நிற்கும்படி வையுங்கள். சுற்றிலும் நல்ல துணியில் ஒரு விரல் அகலம் தொடங்கி, மேலிருந்து கீழாகப் பக்கத்துப் பக்கத்தில் நூல் ஓட்டுங்கள். அது பாவு. பிறகு குறுக்கே ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று ஊடை. திருபுவனம் தறியில் நடப்பதேதான், ஊசி அளவில். ஒவ்வொரு திருப்பத்திலும் நூலைச் சின்ன வளையமாக விடுங்கள், துவைத்தால் சுருங்கும்போது அது இழுத்துப் பிடிக்காது. கடைசியில் முடிச்சு போடாமல், நூல் நுனியை உட்பக்கம் 5 செ.மீ. கண்ணிகளுக்குள் ஓட்டி நறுக்கிவிடுங்கள்.